பனியாற்றின் முன்னே ஒரு மணி நேரம்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், ‘நயாகரா பார்த்தாயிற்று, அடுத்து அலாஸ்கா’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. கப்பலில் போய்ப் பனியாறு பார்ப்பது பற்றி வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

பனிப்பாறை, பனிமலை, பனியாறு, பனிவயல் என்று ஆளுக்கொரு பெயர் எழுதுகிறார்கள். கப்பலில் போனால் உண்மையில் எதைப் பார்ப்போம்?
– வாசகர், நங்கநல்லூர்

உங்கள் எரிச்சல் நியாயமானது. மலையில் விழும் பனி உருகாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகரத் தொடங்கினால் அது பனியாறு. மலைமுகடுகளுக்கு நடுவே ஏரிபோலத் தேங்கி நின்று, பல பனியாறுகளுக்குத் தாய்மடியாக இருக்கும் பரப்பு பனிவயல். பனியாற்றின் முனை கடலைத் தொடும் இடத்தில் உடைந்து மிதப்பது பனிமலை. டைட்டானிக் மோதியது இதில்தான். ‘பனிப்பாறை’ என்று செய்தித்தாள்கள் மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை, பணம் சம்பந்தப்பட்டது. ‘பனிவயல் காட்சி’ என்று விளம்பரத்தில் இருக்கும். கப்பல் நிற்பதோ கடல்மட்டத்தில். பனிவயல் கிடப்பதோ மலைகளுக்குப் பின்னால், உயரத்தில். கப்பலின் டெக்கில் நின்றால் அதன் நாக்குகள் மட்டும்தான் கண்ணில் படும். அலாஸ்காவின் ஜூனோ பனிவயல் சுமார் 3,900 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப்போல் 9 மடங்கு. ஜூனோ துறைமுகத்தில் இறங்கி, சுமார் 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் அதன் ஒரு நாக்கான மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கலாம். பனிவயலையே பார்க்க ஹெலிகாப்டரோ சிறு விமானமோ ஏற வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் பறக்க மாட்டார்கள். பணம் திரும்ப வரும், ஆனால் மறுநாள் போய்க்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கப்பல் அன்று இரவே கிளம்பிவிடும். அதனால் பறக்கும் சுற்றுலாவைக் காலை நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். காலையில் ரத்தானால் பிற்பகலில் இடம் கேட்கவாவது வழி இருக்கும்.

அப்பாவின் மணிவிழாவுக்காக 7 இரவு அலாஸ்காப் பயணம். ஏஜென்ட் மூன்று பயணத் திட்டம் கொடுத்திருக்கிறார். ஒன்றில் கிளேசியர் பே, ஒன்றில் ஹப்பார்ட், ஒன்றில் ட்ரேசி ஆர்ம். கப்பல் மூன்றும் ஒரே தரம், விலையில் சிறு வித்தியாசம்தான். எதை எடுக்கலாம்?
– வாசகி, அண்ணாநகர்

கப்பலில் எத்தனை நீச்சல்குளம், எத்தனை உணவகம் என்று ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, பனிக்கு எதிரே கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். அந்தக் கணக்கில் கிளேசியர் பே முதலில் வருகிறது.

அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு 2 பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அனுமதிகளில் பெரும்பங்கு பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனங்களிடம் இருப்பதால், விலை குறைந்த கப்பல்கள் பலவற்றின் திட்டத்தில் இந்தப் பெயரே இருக்காது. காலையில் வளைகுடா வாயிலில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள். அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள், டெக்கில் நின்று கேள்விக்கும் பதில் சொல்வார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய், மார்ஜரி பனியாற்றின் முன்னே சுமார் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். மொத்தம் 9, 10 மணி நேரம் வளைகுடாவுக்குள்ளேயே இருப்பீர்கள். இடையில் எங்கும் இறங்க முடியாது.

மார்ஜரியின் முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் சுமார் 76 மீட்டர் உயரம். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 54 மீட்டர்தான். அருகே கறுத்த மண்மேடு மாதிரி ஒன்று தெரியும். பலர் அதைக் கரை என்று நினைத்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதுதான் கிராண்ட் பசிபிக் பனியாறு, மேலே முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. 1750 வாக்கில் இந்த வளைகுடா முழுவதும் பனியாகவே இருந்தது. 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் வந்தபோது கரையில் சிறு குடைவு மட்டும் தெரிந்தது. நீங்கள் கப்பலில் போகும் அத்தனை தூரமும் அதற்குப் பிறகு பனி பின்வாங்கி விட்டுச்சென்ற இடம்.

ஹப்பார்ட் வேறு ரகம். நீளம் சுமார் 122 கிலோமீட்டர், கடல் முகப்பு மட்டுமே ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நம் மெரினாவைவிட நீளம். வட அமெரிக்காவில் கடலைத் தொடும் பனியாறுகளில் மிகப் பெரியது. மற்றவை சுருங்கும்போது இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்கிளை) வாயையே அடைத்து அதை ஏரியாக்கியது. பிரமாண்டம் வேண்டுமென்றால் இதுதான். சிக்கல், முன்னால் மிதக்கும் பனித்துண்டுகள். அவை நெருக்கமாக இருந்தால் கேப்டன் பல கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிடுவார், அப்போது அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிச்சம்.

மூன்றாவதை விட்டுவிடுங்கள், அல்லது ஏஜென்டிடம் புதிய திட்டம் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் ட்ரேசி ஆர்மில் சவுத் சாயர் பனியாற்றின் அருகே பெரும் மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் பக்கத்திலுள்ள எண்டிகாட் ஆர்முக்கு மாறிவிட்டன. அங்கே டாஸ் பனியாறு. குறுகலான நீர்வழி, இருபுறமும் செங்குத்துப் பாறை, அருவிகள். அழகுதான். ஆனால் பெரும்பாலும் விடியற்காலையில் நுழைந்து, ஜூனோ போகும் அவசரத்தில் திரும்பிவிடுவார்கள். பெரிய கப்பல் முகப்பிலிருந்து தூரத்திலேயே திரும்பும். கப்பலிலிருந்தே சிறு படகுக்கு மாற்றிப் பனியாற்றின் அருகே கூட்டிப்போகும் தனிச் சுற்றுலா சில கப்பல்களில் உண்டு. எண்டிகாட் போவதானால் அந்தக் காசைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல். அமெரிக்க விசா போதும் என்கிறாள் மகள். ஏஜென்ட் கனடா விசாவும் கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், வேளச்சேரி

ஏஜென்ட். 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வேறு நாட்டைத் தொடாமல் சுற்றிவந்து இறக்குவதை அனுமதிப்பதில்லை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற விடமாட்டார்கள். ‘நாங்கள் கப்பலைவிட்டு இறங்கவே மாட்டோம்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளிடம் கிரீன் கார்டு இருந்தால் அவருக்குக் கனடா விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். எச்-1பி என்றால் அவருக்கும் விசா வேண்டும். ‘எனக்குத் தேவையில்லை, அதனால் உங்களுக்கும் தேவையில்லை’ என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்தே பனி பார்க்கக் கப்பல் உண்டா?
– வாசகர், ராயபுரம்

இல்லை. இங்கிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் ஐஸ், கூல்டிரிங்ஸில் மட்டும்.

பால்கனி அறைக்கு ஜன்னலில்லாத அறையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள். பனியாறு பார்க்க அது அவசியமா? எந்தப் பக்கம் எடுப்பது?
– வாசகி, மயிலாப்பூர்

அவசியமில்லை என்பது எங்கள் கட்சி. பால்கனியில் நின்றால் கப்பலின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். பனியோ முன்னால், பின்னால், இரு பக்கமும் இருக்கும். பனியாற்றின் முன்னே நிறுத்தியதும் கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பி, இரு பக்கத்தாருக்கும் காட்டிவிடுவார். ஆகவே கிளேசியர் பேயில் இடமா வலமா என்ற கேள்வியே எழுவதில்லை. வான்கூவரிலிருந்து வடக்கே ஒருவழியாகப் போகும் கப்பலில் மட்டும் கரை வலப்புறம் வரும்.

பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு, கப்பலின் முன்முனைத் திறந்த டெக்கை நன்றாகப் பயன்படுத்துங்கள். மற்ற நாட்களில் ஊழியர்களுக்கு மட்டும் என்று பூட்டியிருக்கும் முன் டெக்கைப் பனியாறு நாளன்று திறந்துவிடும் கப்பல்கள் உண்டு. முந்தின இரவு அறையில் போடும் செய்தித்தாளில் எந்த டெக், எத்தனை மணிக்கு என்று இருக்கும். அறிவிப்பு வருவதற்கு அரை மணி முன்பே போனால் கம்பியோரம் இடம் கிடைக்கும். முகப்புக்கு எதிரே முதல் 20 நிமிடம் கல்யாணப் பந்திபோல் நெரிசல் இருக்கும். குளிர் ஏற ஏறக் கூட்டம் தானே கலைந்து சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விடும், கடைசி 20 நிமிடம் உங்களுக்கே உங்களுக்கு. நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், அடிக்கடி கழிவறை போக வேண்டியவர் கூட வந்தால் மட்டும் பால்கனிக்குச் செலவழிப்பது தகும்.

பனி உடைந்து விழுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசை. எப்போது விழும் என்று தெரிந்துகொள்ள வழியுண்டா?
– வாசகர், தாம்பரம்

நேரம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் தவறவிடுபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான், சத்தம் கேட்டதும் திரும்புவது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர் போகிறது. கப்பல் முகப்பிலிருந்து 400 மீட்டரில் நின்றால், இடி உங்கள் காதுக்கு வரும்போது ஒரு நொடிக்கு மேல் கழிந்துவிட்டது. ஒரு கிலோமீட்டரில் நின்றால் 3 நொடி. அதற்குள் விழுந்தாயிற்று, நீங்கள் பார்ப்பது தண்ணீர் தெறிப்பை மட்டும். ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு கண்ணை எடுக்காமல் நில்லுங்கள்.

எந்த இடம்? கடல்நீர் பனியின் அடியைக் கரைத்துக் குடைகிறது, மேற்பகுதி பிடிமானம் இழந்து சரிகிறது. எனவே நீர்மட்டத்தில் குகைபோலக் குடைந்த பகுதி, முகப்பிலிருந்து விலகித் தூண்போல நிற்கும் பகுதி, ஆழ்ந்த நீல நிறத்தில் புதிதாக உடைந்த தழும்பு, உப்பைக் கொட்டியதுபோல் சிறு துகள்கள் உதிரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். சிறு உதிர்வு சில நேரம் பெரிய சரிவுக்கு முன்னோடி. கடல்பறவைக் கூட்டம் முகப்பின் அடியில் வட்டமிட்டால் அங்கே நீர் கலங்கி மீன் மேலே வருகிறது என்று பொருள். அந்தப் பறவையின் அளவை வைத்துத்தான் பனியின் உயரமும் புரியும். மரமோ வீடோ இல்லாத இடத்தில் கண் ஏமாறும். மாடிக் கட்டடம் அளவுத் துண்டு மெதுவாக விழுவதுபோல் தோன்றுவது அதனால்தான்.

மேலிருந்து விழுவது மட்டுமில்லை. தண்ணீருக்கடியில் உடையும் துண்டு திடீரென்று மேலே பீறிட்டு வரும். பெரிய கப்பல்கள் கால் மைல் அளவு இடைவெளி விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பல் என்ஜின் சத்தம் அடங்கியதும் காதைக் கூர்ந்து கேளுங்கள். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல் கடல் முழுக்கப் படபடவென்று ஒலிக்கும். பனிக்குள் பல நூறு ஆண்டுகளாக அழுந்திக் கிடந்த காற்றுக்குமிழிகள் உருகும்போது வெடிக்கும் ஓசை அது. அந்தக் குமிழிகள் நசுங்கிப்போன பழைய பனிதான் நீலமாகவும் தெரியும்: வெளிச்சத்தின் சிவப்பைப் பனிக்கட்டி உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் ஆழம்வரை போய்த் திரும்புகிறது. குமிழி நிறைந்த புதுப் பனி எல்லா வெளிச்சத்தையும் சிதறடிப்பதால் வெள்ளை.

அம்மாவுக்கு 68 வயது, புடவைதான் கட்டுவார், சுத்த சைவம். குளிரையும் சாப்பாட்டையும் எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

கோடையில் பனியாற்றின் அருகே 5 முதல் 10 டிகிரி இருக்கும். ஊட்டி மார்கழிக் காலைதானே என்று நினைக்காதீர்கள். பனிமேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றைத் தடுப்பதுதான் முக்கியம். உடம்போடு ஒட்டிய தெர்மல் மேல்சட்டையும் கால்சட்டையும், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத, தொப்பி வைத்த நீண்ட ஜாக்கெட். தி.நகரில் வாங்கும் கனத்த ஒற்றைக் கோட்டைவிட இந்த மூன்று அடுக்கு நல்லது; உள்ளே போனதும் ஒன்றொன்றாகக் கழற்றலாம். உள்ளாடை பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாமல் குளிரை உடம்போடு ஒட்டவைக்கும்.

புடவைக்குள்ளே உள்பாவாடைக்குப் பதில் தெர்மல் கால்சட்டையும் அதன்மேல் கம்பளிக் கால்சட்டையும் போடலாம். ஆனால் டெக்கில் காற்று கொசுவத்தைப் பிடித்து இழுக்கும். ஈரப் பலகையில் தடுக்கி விழ அதுவே காரணமாகலாம். அந்த ஒரு நாள் மட்டுமாவது சுடிதாருக்குச் சம்மதிக்க வையுங்கள். செருப்பு கூடவே கூடாது, பிடிமானமுள்ள ஷூவும் கம்பளிக் காலுறையும் வேண்டும். மங்கி கேப் தாராளமாகப் போடலாம், அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். கையுறை இரண்டு ஜோடி: ஒன்று நனைந்தால் மாற்ற.

சாப்பாட்டுக்கு, பதிவு செய்யும்போதே ‘இந்திய சைவம்’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, ஏறிய முதல் மாலை சாப்பாட்டு ஹால் மேலாளரிடம் நேரில் நினைவூட்டுங்கள். இரண்டாவதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் ‘7 நாளும் சாலட்’ என்று குறைப்படுகிறார்கள். சாதமும் சர்க்கரை போடாத தயிரும் பெரிய கப்பல்களில் கேட்டால் கிடைக்கும். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பாக்கெட் கொண்டுபோகலாம். அமெரிக்கச் சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி மூன்றும் தீ ஆபத்துக்காகத் தடை. பெட்டியைச் சோதிக்கும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை: பனியாறு நாளில் சில கப்பல்களில் டெக்கிலேயே ஆவி பறக்கப் பட்டாணி சூப் ஊற்றித் தருவார்கள். டச்சு வழக்கப்படி அதில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

செல்போன் போதுமா, கேமரா வேண்டுமா? பைனாகுலர் எத்தனை பவர்?
– வாசகர், பெரம்பூர்

காட்சி முழுவதற்கும் செல்போன் போதும். வெண்பனி நிறைந்த படத்தை எந்தக் கருவியும் ‘வெளிச்சம் அதிகம்’ என்று தப்பாக எண்ணி இருட்டாக்கும், பனி சாம்பல் நிறத்தில் விழும். திரையில் தொட்டு வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். சரிவைப் பிடிக்கக் கேமராவில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வையுங்கள். செல்போனில் என்றால் வீடியோவை ஓடவிட்டுக் காத்திருங்கள். மேகமூட்டமான நாளில் வருத்தப்படாதீர்கள், நீலம் அன்றுதான் தூக்கலாகத் தெரியும்; உச்சிவெயிலில் எல்லாம் வெளிறிவிடும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். டெக்கிலிருந்து கதகதப்பான அறைக்குள் போகுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு, அரை மணி கழித்துத் திறங்கள். இல்லையென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்போல லென்ஸ் வியர்த்துவிடும்.

பைனாகுலர் 8x42, அதாவது 8 பவர், 42 மி.மீ. லென்ஸ். அதற்கு மேல் பவர் போனால் கப்பல் அதிர்வில் காட்சி ஆடும். ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றை நாலு பேர் பகிர்ந்தால் பனி விழும்போது அது எப்போதும் மைத்துனர் கையில்தான் இருக்கும்.

போன வருடம் போனோம். மூடுபனி, மிதக்கும் பனி என்று சொல்லி, கப்பல் பனியாற்றின் பக்கமே போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘ஒப்பந்தத்தைப் படியுங்கள்’ என்கிறார்கள். இது மோசடி இல்லையா?
– வாசகர், அம்பத்தூர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் மோசடி இல்லை. பயண ஒப்பந்தத்தில், வானிலைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பக் கேப்டன் வழியை மாற்றலாம் என்று இருக்கும். பனியாறு நாள் பெரும்பாலும் துறைமுகம் என்று கணக்கில் வராமல் ‘காட்சிப் பயணம்’ என்றுதான் எழுதப்படும். பூங்காவுக்கோ துறைமுகத்துக்கோ கட்டாத கட்டணம் மட்டும் திரும்ப வரலாம்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: ஒரே பயணத்தில் பனிக்கு இரண்டு வெவ்வேறு நாட்கள் உள்ள திட்டத்தைத் தேடுங்கள். வான்கூவர் – விட்டியர் ஒருவழிப் பயணங்களில் கிளேசியர் பேயோடு ஹப்பார்டோ காலேஜ் ஃபியோர்டோ சேர்ந்து வருவதுண்டு. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

எனக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றும். கப்பலில்?
– வாசகி, திருவொற்றியூர்

வான்கூவரிலிருந்து போகும் கப்பல் தீவுகளுக்கு இடையே ஒதுங்கிப் போவதால் ஆட்டம் குறைவு. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் வெளிப்புறம், திறந்த கடலில் போகும். ஹப்பார்ட் போகவும் அலாஸ்கா வளைகுடாவைத் தொட வேண்டும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். உயரமும் முனையும்தான் அதிகம் ஆடும். அவோமின் மாதிரி மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு, முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தநோய், புராஸ்டேட் தொல்லை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

விளம்பரத்தில் உள்ள விலைக்கு மேல் என்னென்ன வரும்?
– வாசகர், கே.கே.நகர்

அந்த விலை இருவர் பகிரும் அறையில் ஒருவருக்கு. அதன்மேல் துறைமுக வரி தனி, ஊழியர் டிப்ஸ் தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் கணக்கில் தானாகவே ஏறும், இன்டர்நெட் தனி, கரைச் சுற்றுலா தனி, ஹெலிகாப்டர் ஏறினால் அதுவே பட்ஜெட்டை விழுங்கும். இங்கே பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸில் ‘மருத்துவ வெளியேற்றம்’ இருக்கிறதா பாருங்கள். கப்பல் டாக்டருக்கு டாலரில் கட்டிவிட்டு, பில்லைக் கொண்டுவந்துதான் திரும்பப் பெற வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. புறப்படும் நாளன்று காலை போய் இறங்கும் டிக்கெட்டை ஏஜென்ட் காட்டினால் அவரை மாற்றுங்கள்.

அலாஸ்கா பார்த்துவிட்டோம். அடுத்து படகோனியாவா, அன்டார்டிகாவா?
– வாசகர், அடையாறு

கூட்டமில்லாத பனி வேண்டும், பட்ஜெட்டும் ஓரளவு என்றால் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள படகோனியா. தென் படகோனியப் பனிவயல் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளம். அதிலிருந்து சிலி நாட்டுக் கடல்கால்வாய்களில் இறங்கும் பியோ XI பனியாறுதான் அன்டார்டிகாவுக்கு வெளியே தென்கோளத்தில் மிகப் பெரியது. ஹப்பார்டைப்போல இதுவும் முன்னேறிய விசித்திரம். தென்கோடி முனையான கேப் ஹார்னைச் சுற்றும் 14 இரவுப் பெரிய கப்பல்கள் இதற்கோ அமாலியா பனியாற்றுக்கோ அரை நாள் ஒதுக்கும். அதைவிட, புன்டா அரேனாஸ் – உஷுவாயா இடையே சுமார் 200 பேரோடு போகும் சிறு கப்பல்களைச் சிபாரிசு செய்வோம். 4 இரவுதான். ரப்பர் படகில் இறக்கி, பனியாற்றின் எதிர்க்கரையிலேயே நடக்க விடுகிறார்கள். பீகிள் கால்வாயில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஹாலந்து என்று நாட்டுப் பெயர் சூட்டிய பனியாறுகள் வரிசையாக வரும். பருவம் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. மழையும் காற்றும் நிச்சயம்.

அன்டார்டிகாவுக்கு டிரேக் நீரிணையைக் கடக்கவே போக 2 நாள், வர 2 நாள். அங்கே ஒரு விதியை மனதில் வையுங்கள்: 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து யாரும் கரையிறங்க முடியாது, எந்த இடத்திலும் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. ‘அன்டார்டிகா, பாதி விலையில்’ என்று வரும் விளம்பரம் பெரும்பாலும் இறங்க முடியாத பெரிய கப்பலுடையது. 100 பேர் கப்பலில் எல்லோரும் ஒரே சுற்றில் இறங்கலாம், 200 என்றால் முறைவைத்து, 400 என்றால் காத்திருந்தே நாள் போகும். விலையைக் கரையில் நிற்கும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். இறங்குமுன் ஜாக்கெட் பை, ஷூ, வெல்க்ரோ பட்டை எல்லாவற்றையும் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். வீட்டிலிருந்து வந்த ஒரு விதைகூட அங்கே போகக்கூடாது. பழைய பையை வீட்டிலேயே துவைத்து உதறி எடுத்துப்போனால் அந்த வரிசையில் நேரம் மிச்சம்.

இத்தனை கப்பல்கள் போவதாலேயே பனி உருகாதா? போகாமல் இருப்பது நல்லதில்லையா?
– வாசகி, திருவான்மியூர்

கப்பலின் புகை மட்டும் அந்தப் பனியாற்றை உருக்குவதில்லை. ஆனால் விமானமும் கப்பலுமாக நம் பயணம் வெளியிடும் கரியமிலவாயு கணக்கில் சேர்கிறது என்பது உண்மைதான். கட்டுப்பாடுகள் வெறும் பேச்சாக இல்லை. அன்டார்டிகக் கடலில் கனரக எரியெண்ணெய்க்கு 2011-லிருந்து தடை. கிளேசியர் பேயின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளையில் கடல்நாய்கள் பனித்துண்டுகளின்மேல் குட்டி போடுவதால் மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய கப்பல் நுழைய முடியாது. அதைப் பார்க்க ஆசையென்றால் செப்டம்பரில் போக வேண்டும். போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால் மூன்று பயணத்தை ஒன்றாக்கி, ஒரு முறை போங்கள்.

ஸ்வால்பார்டில் இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறதாமே? கப்பலில் போனால் பார்க்க முடியுமா? கிரீன்லாந்தையும் சேர்க்கலாமா?
– வாசகர், பள்ளிக்கரணை

உங்கள் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட இடம்தான். ஸ்வால்பார்ட் என்பது ஆர்க்டிக்கில் உள்ள நார்வே நாட்டுத் தீவுக்கூட்டம். அங்கே நை-ஆலசுண்ட் என்ற சிற்றூரில் 2008-இல் தொடங்கிய ‘ஹிமாத்ரி’ நிலையம் இருப்பது கோங்ஸ்ஃபியோர்டின் கரையில். பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2014-இல் அதே ஃபியோர்டின் ஆழத்தில் ‘இண்டார்க்’ என்ற நங்கூரமிட்ட கருவித்தொகுதியை இறக்கினார்கள். ஃபியோர்டின் மறுமுனையில் க்ரோனெப்ரீன் பனியாறு கடலைத் தொடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் கிளம்பும் சிறு கப்பல்கள் வானிலை இடம் கொடுத்தால் அங்கே போகின்றன. ஊர்த் தெருவில் நடக்கலாம், நிலையத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். 2025 முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது என்பதால், சிறிய கப்பலையே பாருங்கள்.

விசாவில் இரண்டு பொறி. ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம். ஆனால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா) எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்புவது இரண்டு நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். கிரீன்லாந்துக்குச் சாதாரண ஷெங்கன் விசா செல்லாது. டென்மார்க் தூதரகம் வழியாக விண்ணப்பித்து, ‘கிரீன்லாந்துக்குச் செல்லும்’ என்று விசாவிலேயே அச்சிட்டு வாங்க வேண்டும். பெரும் பனிமலைகள் வேண்டுமென்றால் அங்கே இலுலிசாட்டைப் போல் இன்னொரு இடமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள், கடலிலேயே நாள் கழியும்.

நை-ஆலசுண்டில் வானொலி அலைகளை அளக்கும் நுண்கருவிகள் இருப்பதால் 20 கிலோமீட்டர் சுற்றளவில் வைஃபையும் புளூடூத்தும் தடை. போனை ஃப்ளைட் மோடில் போட்டால் மட்டும் போதாது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச், காதுக்குள் வைத்த இயர்பட்ஸ், கேமராவின் வைஃபை எல்லாவற்றையும் கப்பலிலேயே அணைத்துவிட்டு இறங்குங்கள்.